துரை அவுட் ஆன விதம்

1935 ஜனவரி 17, வியாழன்

இந்தத் தாள்கள் உங்கள் கையில் கிடைத்திருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டவே கூடாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். படிக்காமலே போட்டாலும் எனக்குச் சம்மதம்.

என் பெயர் பியூலா. கருணாபுரம் மிஷன் பெண்கள் பள்ளியில் தேர்டு பாரம் படிக்கிறேன். அப்பா ஆசீர்வாதம், மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். டாக்டர் எழுதுகிற மருந்தைக் கலந்து கொடுப்பது அவர் வேலை. ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே எங்கள் வீடு. அரிசிப்பானை இருக்கும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். மண்ணெண்ணெய் குறைந்ததை அம்மா கவனித்தால் பரீட்சைக்குப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். எழுதும் தாள், வார்டில் தூக்கிப்போட்ட காய்ச்சல் அட்டவணைகளின் பின்பக்கம்.

அம்மாவின் கழுத்துக் கழலை இந்த மாதம் இன்னும் பெருத்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. சுவரில் தலையணை வைத்து, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். இன்று பார்லோ துரை தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். இருபது மைல் சுற்றளவில் அவர்தான் ஒரே டாக்டர். அப்பாவுக்கு நிம்மதி. அம்மாவுக்கும் நிம்மதி.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்பதை இன்று எழுத முடியாது.

ஜனவரி 18, வெள்ளி

தையல் பரீட்சை. பொத்தான் துளை கோணிவிட்டது. அதைத் தவிர எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 19, சனி

இன்று ஆஸ்பத்திரிக்கும் ஆண்கள் பள்ளிக்கும் கிரிக்கெட் ஆட்டம். நான் ஸ்கோர் எழுதினேன். இரண்டு வருஷமாக நான்தான் எழுதுகிறேன். முன்பு ஆபீஸ் கிளார்க் எழுதினார். அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் துரைக்குப் பத்து ரன் கூட்டிப் போட்டுவந்தார். துரை அதைக் கண்டுபிடித்து, பெண்கள் பள்ளிக்கு நேரே வந்து, கணக்கு நன்றாகப் போடுகிற, பொய் சொல்லாத ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டார். டீச்சர் என்னைக் காட்டினார்.

துரை சீமையில் வாலிபத்தில் தன் ஜில்லாவுக்காக ஆடியவர். அங்கே ஆட்டக்காரர்களில் இரண்டு வகை என்று அப்பா சொல்வார். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் ஒரு வகை. சம்பளம் வாங்காமல் ஆடுகிற துரைமார் இன்னொரு வகை. ஒரே அணியில் ஆடினாலும் மைதானத்துக்குள் வருவதற்கு இரண்டு பேருக்கும் தனித்தனி வாசல். அச்சடித்த ஸ்கோர் அட்டையில் துரைமார் பெயருக்கு மட்டும் முன்னெழுத்து இருக்குமாம். நம் துரை சம்பளமில்லாத வகை. ஆடிக்கொண்டே வைத்தியம் படித்து, இருபத்தாறாம் வயதில் மட்டையை வைத்துவிட்டு இங்கே வந்துவிட்டார். இதைச் சொல்லும்போது அப்பா தானே அந்த வாசல் வழியாக வந்தவர்போல நிமிர்ந்துகொள்வார்.

துரைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவுட் என்று தெரிந்தால் அம்பயர் விரலைத் தூக்கும்வரை நிற்கமாட்டார். தானே நடந்துவிடுவார். அதனால் எங்கள் ஊரில் துரைக்கு எதிராக யாரும் 'அவுட்டா?' என்று கேட்பதே கிடையாது. கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை.

இன்று துரை பதினொரு ரன்னில் இருந்தபோது டிரில் மாஸ்டர் வேதமாணிக்கம் போட்ட பந்து துரையின் இடது பக்கத்து ஸ்டம்பை உரசிக்கொண்டு கீப்பரின் கைக்குப் போனது. ஸ்டம்பின் மேலே இருந்த பெயில் என்ற சின்னக் கட்டை ஒன்று கீழே விழுந்தது. அது விழுந்தால் அவுட். எல்லோரும் பார்த்தோம். துரை மட்டும் நகரவில்லை. அடுத்த பந்துக்காக மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார்.

கீப்பராக நின்ற கணக்கு வாத்தியார் பெயிலைப் பார்த்தார். பிறகு அம்பயரைப் பார்த்தார். அம்பயர் அப்பாதான். மைதானத்தில் ஒருவரும் பேசவில்லை. அப்பா கையைப் பக்கவாட்டில் நீட்டி, "நோ பால்" என்றார். பந்து போடுகிறவர் கால் கோட்டைத் தாண்டினால் அது நோ பால், அதில் ஸ்டம்ப் விழுந்தாலும் அவுட் இல்லை. டிரில் மாஸ்டர் தன் கால் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. "ஆமா, கால் தாண்டிட்டு" என்றார். கணக்கு வாத்தியார் சத்தமில்லாமல் பெயிலை எடுத்து மேலே வைத்தார். துரை முப்பத்து நான்கு ரன் எடுத்தார்.

நானும் நோ பால் என்றுதான் எழுதினேன்.

வீட்டில் அப்பா கால் கழுவும்போது, துரைக்குப் பெயில் விழுந்தது தெரியவில்லையா என்று கேட்டேன்.

"வெயிலு" என்றார் அப்பா. பிறகு, "எழுதினதை எழுதினபடி விடு பிள்ள. இருபத்திரண்டு வருஷமா இந்த ஊரு வயித்தத் தச்ச கை. ஒரு பெயிலுக்காக அவரைத் தலைகுனிய வைக்கவா?" என்றார்.

பெயில் விழுந்தபோது மணி ஐந்து. வெயில் துரையின் முதுகுப்பக்கம் இருந்தது.

ஜனவரி 20, ஞாயிறு

ஆராதனைக்குப் போய் வந்து, கோழிக்கூட்டைக் கழுவிவிட்டு, ஸ்கோர் புத்தகத்தை முதலிலிருந்து பார்த்தேன். தீபாவளிக்கு முந்தின ஒரு வருஷம் முழுவதும் துரை ஒரே ஒரு தடவைதான் பௌல்டு, அதாவது பந்து ஸ்டம்பில் பட்டு அவுட். தீபாவளிக்குப் பிறகு ஆறு ஆட்டம். அதில் நான்கில் பௌல்டு. பந்து எந்தப் பக்கம் வந்தது என்று புத்தகத்தில் இருக்காது. ஆனால் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் அவருடைய இடது பக்கம்.

முன்பு துரை ஆபரேஷனில் கத்தி, கத்தரியைத் தட்டிலிருந்து தானே எடுப்பார். இப்போது நர்ஸ் தாயம்மா அக்கா ஒவ்வொன்றையும் அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். மருந்துப் புட்டியின் சீட்டை அப்பா உரக்க வாசிக்கிறார். பங்களாவில் சமையல்காரர் நாற்காலிகளை இடம் மாற்றுவதே இல்லை. இதற்காக யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் தானாகவே செய்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராயப்பன் என்கிறவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அன்று தாயம்மா அக்கா சமயத்தில் விரலை வைத்து அழுத்தியிருக்காவிட்டால் ரத்தம் நின்றிருக்காது என்று அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. ராயப்பன் பிழைத்துக்கொண்டார்.

ஜனவரி 21, திங்கள்

ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை ஸ்கோர் புத்தகத்தைத் துரையிடம் கொண்டுபோக வேண்டும். அவர் வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போடுவார். நவம்பரிலிருந்து, மூக்குக்கண்ணாடி சரியில்லை, நீங்கள் வாசியுங்கள் என்கிறார். முன்ஷி என்கிற மொழி வாத்தியாரை வைத்துத் தமிழ் படித்தவர், ஆகையால் எல்லோரையும் நீங்கள் என்றுதான் சொல்வார். பங்களா நாயையும், "நீங்கள் வெளியே போங்கள்" என்பார்.

வாசித்தேன். நோ பால் என்றும் வாசித்தேன்.

அப்பா 'நோ பால்' என்ற சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்ததா என்று துரை கேட்டார். எனக்குத் தெரியவில்லை ஐயா என்றேன்.

பிறகு அவராகவே ஒரு பழைய ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். நூறு ரன்னுக்கு நான்கு ரன் குறைவு. பந்து கையுறையை லேசாகத் தொட்டது அவருக்கு மட்டும் தெரியும். அம்பயர் பார்க்கவில்லை. இவர் நடந்துவிட்டார். ஜில்லா தோற்றுவிட்டது. அவருக்கு அடுத்து ஆட வந்தவர் சம்பளக்காரர். வழியில் எதிர்ப்பட்டபோது, "உமக்கென்ன, நீர் போகலாம்" என்று சொன்னாராம். அது பாராட்டா வசவா என்று இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன் என்றார்.

நான் புத்தகத்தை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

அம்மாவை வார்டில் சேர்த்தாயிற்று. குழம்பு நான் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. அப்பா மோரை ஊற்றிச் சாப்பிட்டார்.

ஜனவரி 23, புதன்

பள்ளிவிட்டு அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். துரை அங்கே இருந்தார். அறுக்க வேண்டிய இடத்தைக் கத்தரிப்பூ நிற மருந்து மையால் அம்மாவின் கழுத்தில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். மெதுவாக, பள்ளிக்கூடத்தில் வரைபடம் போடுகிற மாதிரி போட்டார். "பயப்பட வேண்டாம், அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சங்கிலி போட்ட மாதிரி இருக்காட்டி? கல்யாணத்துக்குக்கூட எனக்கு இப்படி ஒண்ணு போடல" என்று அம்மா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

கோடு நடுவில் இல்லை. ஒரு பக்கமாக, காதை நோக்கி ஏறிப் போயிருந்தது. தாயம்மா அக்கா வாசலைப் பார்த்துவிட்டு, சாராயப் பஞ்சால் அதைத் துடைத்தாள். சரியான இடத்தில் வேறு கோடு போட்டாள்.

கைகழுவும் இடத்துக்கு அவள் பின்னாலேயே போனேன்.

"நீ ஒண்ணும் பாக்கல" என்றாள்.

"வெட்டும்போதும் கோணலா வந்தா என்னக்கா செய்வீங்க?"

"பக்கத்துல நிப்பேன்லா? கையை லேசா நகத்திவிடுவேன்."

"நகத்த முடியாட்டா?"

அவள் பஞ்சை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே அனுப்பலாமே என்று கேட்டேன்.

"துரை கடுதாசி குடுத்தாத்தான் அங்க சேர்ப்பாங்க. எனக்குக் கண்ணு தெரியலன்னா எழுதுவாரு? அவருக்கே அது முழுசா தெரியாது. நாம எங்க தெரிய விட்டோம்?"

ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. உருட்டிய சோறு கையிலேயே இருந்தது.

"அந்த மேசையில படுக்கப்போறது எம் பெண்டாட்டி. எனக்குப் பயமில்லன்னு நினைக்கியா?" என்றார். "கம்பவுண்டரே தன் வீட்டாள துரைகிட்ட விடலன்னு ஒரு பேச்சு வந்துட்டா, மறுநாள் இந்த ஆஸ்பத்திரிக்கு ஒருத்தன் வரமாட்டான். அப்புறம் இத்தனை ஊருச் சனம் எங்க போவும்? கர்த்தர் அந்தக் கையைப் பிடிச்சு நடத்துவாரு. நீ படி."

இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

ஜனவரி 24, வியாழன்

செய்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் ஸ்கோர் புத்தகத்தில் நோ பாலை ஒரே கோடாக அடித்தேன். அவுட் ஆன விதம் என்ற கட்டத்தில் வேதமாணிக்கத்தின் பெயரை எழுதினேன். பிறகு எடுத்த இருபத்து மூன்று ரன்னையும் அடித்துவிட்டுப் பதினொன்று என்று போட்டேன். பங்களாவுக்குப் போய், சனிக்கிழமை கணக்கில் ஒரு திருத்தம் இருக்கிறது, வாசிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"வாசியுங்கள்."

"டாக்டர் பார்லோ. பௌல்டு, வேதமாணிக்கம். பதினொன்று."

அவர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, மறுபடி வைத்தார். "நோ பால் என்று அம்பயர் சொன்னாரே" என்றார்.

"பெயில் விழுந்தப்புறம் சொன்னாங்க ஐயா."

"எவ்வளவு நேரம் கழித்து?"

"பந்து கீப்பர் கைக்குப் போனப்புறம். கொஞ்ச நேரம் எல்லாரும் சும்மா நின்னாங்க."

"எல்லோரும் பார்த்தார்களா?"

"பாத்தாங்க ஐயா."

எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. துரை அந்தப் பேனாவை என் கையில் கொடுத்து, தனக்குப் பின்னால் இடது பக்கம் போய் நிற்கச் சொன்னார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். பேனாவை உயர்த்திப் பிடித்தபடி மெல்ல முன்னால் வாருங்கள், தெரிந்ததும் சொல்கிறேன் என்றார்.

நடந்தேன். தோள்பக்கம் வந்தேன். அவர் சொல்லவில்லை. காதுக்கு நேரே வந்தேன். சொல்லவில்லை. கன்னத்தருகே வந்தேன். கடைசியில் மேசை என் வயிற்றில் இடித்தது. நான் அவர் மூக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன்.

"நின்றுவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"இதுக்குமேல வழியில்ல ஐயா" என்றேன்.

கையை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு இன்னொரு தரம் நடக்கச் சொன்னார். வலது பக்கமும் பாதி வழி வந்த பிறகுதான் தெரிந்தது. "இந்தப் பரீட்சையை நானே கண்ணாடி முன்னால் செய்து பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. பேனா என் கையில் அல்லவா இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே" என்றார்.

வேறு என்ன என்று கேட்டார். அம்மாவின் கழுத்துக் கோட்டையும் சொல்லிவிட்டேன். தாயம்மா அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

ஸ்கோர் புத்தகத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். போட்டார். "உங்கள் அம்மாவுக்காக வந்தீர்கள். நல்லது. ஆனால் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் இங்கே வரவும் இல்லை" என்றார்.

ஜனவரி 25, வெள்ளி

காலை ஜெபத்தில் துரை எழுந்து நின்றார். நோயாளிகளும் இருந்தார்கள். "என் இடது கண் போய்விட்டது. வலது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். இன்றுமுதல் கத்தி எடுக்கமாட்டேன்" என்றார். ராயப்பன் மருந்து கட்ட வந்திருந்தார். துரை அவரைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ராயப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து ஒரு சலாம் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவுக்காக மதுரைக்குக் கடிதம் தயாராக இருந்தது.

அப்பா வீட்டுக்கு வந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "பாத்தியா. ஒருத்தரும் விரலைத் தூக்கல. தானா நடக்காரு" என்றார். அப்படிப் பெருமையாகச் சொன்னார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அதையே நான்கு தடவை களைந்தேன்.

ஜனவரி 26, சனி

அம்மாவும் அப்பாவும் விடியற்காலை பஸ்ஸில் போனார்கள். திருநெல்வேலியில் ரயில் பிடிக்க வேண்டும். அப்பா திரும்பும்வரை எனக்குத் துணையாகத் தாயம்மா அக்கா எங்கள் வீட்டில் தங்குகிறாள்.

ஜனவரி 28, திங்கள்

வார்டில் பாதிக் கட்டில் காலி. வெளியூர் வண்டிகள் வாசல்வரை வந்து விசாரித்துவிட்டுத் திரும்புகின்றன. வேறு டாக்டர் எப்போது வருவார் என்று தெரியாது. அப்பா சொன்னதுதான் நடக்கிறது.

துரை தானாகக் கண்டுபிடித்தார் என்று எல்லோரும் நம்பிவிடவில்லை. யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. பக்கத்திலேயே நின்றவளுக்குத்தான் தெரியும், ஆகையால் தாயம்மா அக்காதான் என்கிறார்கள். இன்று குழாயடியில் டிரில் மாஸ்டரின் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டே, "கண்ணில்லாதவரக் காட்டிக்குடுத்தவுகளுக்கு நல்ல சம்பள உயர்வு வரும் போல" என்றாள். அக்கா குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டில் வந்து, "எவளோ சொல்லியிருக்கா. எவளா இருந்தாலும் நல்லாயிருக்கட்டும். எனக்கு அந்தத் தைரியம் வரல" என்றாள். என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

இன்றும் தாயம்மா அக்காவிடம் நான்தான் என்று சொல்லவில்லை.

ஜனவரி 31, வியாழன்

மத்தியானம் தந்தி வந்தது. தாயம்மா அக்கா பிரித்து வாசித்தாள். ஆபரேஷன் முடிந்தது, அன்னத்தாய் நலம். அன்னத்தாய் என்பது அம்மா. அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் இரண்டு பேருக்கும் தோசை சுட்டாள். அவளிடம் அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். தோசை ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 2, சனி

அப்பா திரும்பிவிட்டார். அம்மாவுக்கு இன்னும் பத்து நாள் அங்கே இருக்க வேண்டும். குரல் கரகரவென்று இருக்கிறதாம், ஆனால் மல்லாந்து படுத்துத் தூங்குகிறாளாம். துரைக்கு நன்றி சொல்ல அப்பா நேரே பங்களாவுக்குப் போய்விட்டு வந்தார்.

துரை புதன்கிழமை தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறுகிறார். செவ்வாய்க்கிழமை பிரிவுபசாரம். வாழ்த்துப் பத்திரத்தை அப்பா எழுதுகிறார். துரை நம் மைதானத்தில் மொத்தம் எத்தனை ரன் எடுத்தார் என்று அதில் ஒரு வரி வேண்டுமாம். சாப்பிட்டுவிட்டு ஸ்கோர் புத்தகத்தைக் கொண்டுவா, கூட்டிப் பார்ப்போம் என்றார். தேடி எடுக்கிறேன் என்று சொல்லி உள்ளே வந்தேன். அரை மணி நேரம் ஆகிறது. புத்தகம் என் மடியில்தான் இருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். வேறு தாளில் முப்பத்து நான்கு என்று எழுதி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. பேனாவை எடுத்தேன். பிறகு தாயம்மா அக்காவை நினைத்தேன். இன்று குழாயடியில் அவள் வந்ததும் எல்லோரும் வரிசையை விட்டு விலகி வழிவிட்டார்கள். மரியாதைக்காக விட்ட வழி இல்லை அது. அவள் தண்ணீர் பிடித்தாள்.

அப்பா என்னை அடிக்கமாட்டார். ஒருநாளும் அடித்ததில்லை. இந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிடுவாரோ என்பதுதான் பயம். துரை யாருடைய உதவியும் இல்லாமல் தானாக நடந்தார் என்று மதுரை ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அம்மாவுக்குக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. அவர் புரட்டிக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கவும் கூடாது. முதலில் தாயம்மா அக்கா இல்லை என்று சொல்ல வேண்டும். பிறகு நான் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "பியூலா, உள்ள தாள் போட்டுக்கிட்டு என்ன செய்யுத? புத்தகம் கிடைச்சுதா?"

கிடைத்தது அப்பா என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தைத் திறந்தே எடுத்துக்கொண்டு போகிறேன், அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி.